கற்கும் ஆர்வமும் கற்பிப்போர் கடமையும்

திருத்தணி என்றதும் தமிழ் மக்களுக்கு நினைவு வருவது மலைமேல் அமைந்த முருகன் கோயில். ஆண்டின் நாள்களுக்கு ஈடாக 365 படிகள் அதற்கு உண்டு என்பர். எல்லைப் போராட்ட வரலாற்றை அறிந்தோர், நெடிய கிளர்ச்சிக்குப் பின் 1960 ஏப்ரல் முதல் நாளில் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு வந்து சேர்ந்த ஊர் அது என்பதையும் நினைவுகூர்வர். கல்வித் துறையில் உள்ளோருக்கோ அவ்வூர் வேறொரு காரணத்தால் முக்கியமானது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த ஊர் அது. அன்று அது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சென்றது. 1962இல் அவர் குடியரசுத் தலைவரானதை அடுத்து அவருடைய பிறந்த நாள் ஆசிரியர் நாளாயிற்று.

ஆண்டுதோறும் அந்நாளில் மேடைகளில் அவருடைய பதவிகளும் பட்டங்களும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அவற்றை விட ஆராயத்தக்கது, எளிய குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கல்வியை இடையில் கைவிடாமல் எப்படிக் கரை சேர்ந்தான் என்பதாகும். தந்தை ஜமீன் நிருவாகத்தில் சிறிய வருவாய்த்துறை அலுவலர். வீட்டு மொழி தெலுங்கு. திருத்தணியில் தொடக்கக் கல்வி. பின்னர் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி. அதன்பின் வேலூர் ஊரிஸ் கல்லூரி. இறுதியில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. இந்த நெடிய வழியில் அவரைத் தாங்கியவை பெரும்பாலும் உதவித்தொகைகளே. தத்துவம் அவர் நாடித் தேர்ந்த பாடம் அன்று என்பது பலரும் அறியாத செய்தி. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களை அவரிடம் கொடுத்தார். புதிய நூல்கள் வாங்க வசதியில்லாத மாணவருக்கு அந்தப் பழைய நூல்களே பாடத்தை முடிவு செய்துவிட்டன.

விருப்பத்தால் தொடங்காத கல்வி வேட்கையாக மாறியது எவ்வாறு? மிஷன் கல்லூரிகளில் தம் சமயத்தைப் பற்றிக் கேட்ட கடுமையான விமர்சனங்களே தம்மை அச்சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டின என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றி ஆய்வுரை எழுதியபோது, தம் பேராசிரியர் ஆல்ஃபிரெட் ஜார்ஜ் ஹாக் அதனால் வருந்துவாரோ என அஞ்சினார். ஹாக் கிறித்தவ இறையியலாளர். மாணவர் எழுதியதோ அவர் தரப்பினர் சொன்னதற்கு மறுப்பு. ஆயினும் ஹாக் அந்த ஆய்வுரையை மனந்திறந்து பாராட்டினார். இருபது வயது இளைஞரின் ஊக்கத்தை ஓர் ஆசிரியர் ஒரே சொல்லால் முறித்திருக்கக்கூடிய தருணம் அது. அவர் முறிக்கவில்லை. ஆசிரியர் நாளின் கதாநாயகரைப் பேசும்போது அந்த ஆசிரியரையும் பேச வேண்டும் என்பது என் கருத்து.

பிள்ளைகளிடம் ஆர்வம் இல்லை, ஓதும் பள்ளிக்கு வர மறுக்கின்றனர், வந்தாலும் மனம் ஒன்றவில்லை என்று நம் ஜமாஅத்துகளில் இன்று பரவலாகக் குறைப்படுகிறோம். குறை பிள்ளைகளின் மீதே சுமத்தப்படுகிறது. ஆனால் நம் முன்னோர்கள் இவ்வாறு எண்ணவில்லை. கற்கும் ஆர்வம் என்பது பிள்ளை தன்னோடு கொண்டுவரும் அமானிதம்; அதைப் பேணுவதும் பாழாக்குவதும் கற்பிப்போர் கையில் உள்ளது என்றே அவர்கள் கருதினர். அதற்கான சான்றுகள் ஓரிரு நீதிமொழிகளாக அன்றி, தனி நூல்களாகவே நம்மிடம் உள்ளன.

அவற்றுள் மிகப் பழையவற்றுள் ஒன்று, வட ஆப்பிரிக்காவின் கைரவான் நகரில் வாழ்ந்து ஹிஜ்ரி 256இல் (கி.பி. 870) மறைந்த முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்) தொகுத்த ‘ஆதாபுல் முஅல்லிமீன்’ எனும் சிறுநூல். ஆசிரியர்க்குரிய ஒழுக்கங்கள் என்பது தலைப்பின் பொருள். இவருடைய தந்தை இமாம் ஸஹ்னூன் (ரஹ்) மாலிக்கீ மத்ஹபின் தூண்களுள் ஒருவர். தந்தையிடம் கேட்டறிந்த தீர்ப்புகளையே மகன் பெரிதும் பதிவு செய்திருக்கிறார். நூலின் சிறப்பு, மாணவனுக்கு அறிவுரை கூறுவதைவிட ஆசிரியருக்கு வரம்பு கட்டுவதில் உள்ளது. செல்வர் பிள்ளைக்கும் வறியவர் பிள்ளைக்கும் ஒரே அளவாகக் கற்பிக்க வேண்டும், பிள்ளைகளைத் தம் சொந்த வேலைக்கு ஏவலாகாது, கோபத்தில் அடிக்கலாகாது. நெறிப்படுத்துவதற்காக அடிப்பதாயினும் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. மேற்செல்ல வேண்டுமானால் தந்தையின் அனுமதி வேண்டும். குர்ஆனை ஓதி முடித்த பிள்ளையின் மகிழ்ச்சியில் மற்றப் பிள்ளைகளும் பங்குகொள்ளும்படி விடுமுறை அளிப்பது பற்றியும் அதில் பேசப்படுகிறது. நம் ஊர்களில் பிள்ளை குர்ஆன் ஓதி முடித்த நாளில் இனிப்பு வழங்கி, ஹஜ்ரத்துக்குப் புத்தாடை கொடுத்து, துஆ ஓதும் வழக்கத்தை வெறும் சடங்கு என்று ஒதுக்குவோர் உண்டு. அதன் கல்விப் பயனைப் பதினொன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு ஃபகீஹ் கணக்கில் எடுத்திருந்தார் என்பதை அவர்கள் கருத வேண்டும்.

இப்னு ஸஹ்னூன் சட்ட அறிஞர். ஆகவே வரம்புகளைக் கூறினார். பிள்ளையின் உள்ளத்துள் நுழைந்து பார்த்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058-1111). ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் மனப்பயிற்சி பற்றிய பகுதியில் பிள்ளை வளர்ப்புக்கென ஓர் இயலை அவர் ஒதுக்கியுள்ளார். குத்தாபிலிருந்து, அதாவது ஓதும் பள்ளியிலிருந்து, திரும்பிய பிள்ளையை நல்லதொரு விளையாட்டில் ஈடுபட விட வேண்டும் என்கிறார். விளையாட்டைத் தடுத்து இடைவிடாமல் பாடத்திலேயே அழுத்தினால் பிள்ளையின் உள்ளம் மடிந்துவிடும், அறிவு மழுங்கும், வாழ்க்கையே கசந்துபோய், பாடத்திலிருந்து தப்பிக்கச் சூழ்ச்சி தேடத் தொடங்கும் என்பது அவருடைய விளக்கம். நல்லது செய்தால் பலர் முன்னிலையில் பாராட்டிப் பரிசளிக்கவும், எப்போதேனும் தவறினால் காணாதவர்போல் விட்டுவிடவும், மீண்டும் செய்தால் தனியே கண்டிக்கவும் சொல்கிறார். ஓயாத கண்டிப்பு பிள்ளையின் காதுக்குப் பழகிப்போய்ப் பயனற்றதாகிவிடும் என்றும் எச்சரிக்கிறார். பாராட்டு வெளிப்படையாக, கண்டிப்பு மறைவாக. நம் மக்தபுகளில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது.

கஸ்ஸாலிக்கு முன் வாழ்ந்த இப்னு சீனா (980-1037) ‘கிதாபுஸ் ஸியாஸா’ என்னும் சிறுநூலில் வேறொரு நுட்பத்தைச் சொல்லியிருக்கிறார். ஆசிரியரும் ஒரே ஒரு பிள்ளையும் மட்டும் அமர்ந்து படித்தால் இருவருக்குமே சலிப்பு வரும். பிள்ளை பிள்ளையிடமிருந்தே விரைந்து கற்கிறது. உரையாடலும் போட்டியும் தோழமையும் ஊக்கத்தைத் தூண்டுகின்றன. ஆகவே நற்பண்புள்ள பிள்ளைகள் பலரோடு சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்பது அவர் முடிவு. வசதியுள்ள குடும்பங்கள் உஸ்தாதை வீட்டுக்கு வரவழைத்துத் தம் பிள்ளைக்கு மட்டும் தனியே ஓதிக்கொடுக்கச் செய்யும் இன்றைய வழக்கத்தைப் பார்க்கும்போது இப்னு சீனா நினைவுக்கு வராமல் போவதில்லை.

இந்தச் சிந்தனைகளின் சிகரம் இப்னு கல்தூன் (1332-1406). ‘முகத்திமா’வில் கல்வி பற்றிய இயல்களை நம் அரபுக் கல்லூரிகளில் அரிதாகவே படிக்கிறோம். மாணவர்மீது கடுமை காட்டுவது அவர்களுக்குக் கேடு என்பதற்கே அவர் ஓர் இயலை எழுதியுள்ளார். அடக்குமுறையில் வளரும் பிள்ளை மலர்ச்சியை இழக்கிறது, சோம்பலுக்கு ஆளாகிறது, அடிக்கு அஞ்சி உள்ளொன்றும் புறமொன்றுமாகப் பொய் பேசக் கற்கிறது. நாளடைவில் அதுவே இயல்பாகிவிடுகிறது. பிறர் ஆதிக்கத்தில் நெடுங்காலம் வாழ்ந்த சமுதாயங்களுக்கு நேர்வதும் இதுவே என்று அவர் விரித்துச் செல்கிறார். சமூகவியலின் முன்னோடி என்று போற்றப்படும் ஒருவர், வகுப்பறைப் பிரம்பையும் சமுதாயங்களின் வீழ்ச்சியையும் ஒரே மூச்சில் பேசியிருப்பது வியப்புக்குரியது.

அதே இடத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மகன் அல்அமீனின் ஆசிரியருக்குச் சொன்ன அறிவுரையை அவர் எடுத்துக்காட்டுகிறார். பயனுள்ள ஏதேனும் ஒன்றைக் கற்பிக்காமல் ஒரு வேளையும் கழிய வேண்டாம். ஆனால் சிந்தை மடியும்படி அவனை வருத்தவும் வேண்டாம். ஓய்வே இனிமை என்று எண்ணிவிடும்படி மிகையாகத் தளர்த்தவும் வேண்டாம். இயன்றவரை அணைத்து, மென்மையால் திருத்துக. அதற்கு இணங்காவிட்டால் மட்டுமே கடுமை. இதுவே அதன் சாரம். கடுமையை முற்றிலும் விலக்கிய அறிவுரை அன்று இது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். நம் காலத்தில் முதலிடத்துக்கு வந்துவிட்ட ஒன்று அங்கே கடைசியில் நிற்கிறது.

பாடம் நடத்தும் முறையிலும் இப்னு கல்தூன் படிப்படியான வழியை வகுத்தார். ஒரு கலையை மும்முறை கற்பிக்க வேண்டும்: முதற்சுற்றில் தலைப்புகளின் சுருக்கம் மட்டும், இரண்டாம் சுற்றில் விளக்கமும் கருத்து வேறுபாடுகளும், மூன்றாம் சுற்றில் கடினமானது எதையும் விடாமல் முழுமையும். தொடக்கத்திலேயே சிக்கலான செய்திகளைத் திணித்தால் மாணவன் அக்கலையே தனக்கு எட்டாதது என்று எண்ணிச் சோர்ந்து விலகுகிறான்; குற்றம் கற்பித்த முறையில் இருக்க, அவனோ தன் அறிவின் மீது பழி போட்டுக்கொள்கிறான். இறுகச் சுருக்கிய மத்ன் நூல்களை மனனம் செய்யவைத்துக் கற்பிப்பதும் கல்விக்குத் தீங்கு என்று வேறோர் இயலில் எழுதினார். மத்ன் நூல்களைக் கொண்டே காலம் தள்ளும் எம் போன்றோர்க்கு அந்த இயல் அவ்வளவு உவப்பாக இராது.

அவர் தரும் இன்னொரு செய்தி தமிழ் முஸ்லிம்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. மேற்கு மாநிலங்களில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் மட்டுமே கற்பிக்கப்பட்டது; அந்தலுஸில் குர்ஆனோடு கவிதையும் மொழியும் எழுத்தும் சேர்ந்தன; இப்படி ஊருக்கொரு முறை. இவற்றை ஆராய்ந்த செவில்லைக் காழி அபூபக்ர் இப்னுல் அரபீ (ரஹ்) (மறைவு ஹி. 543 / கி.பி. 1148), முதலில் மொழியையும் கவிதையையும், அடுத்துக் கணக்கையும் கற்பித்து, அதன்பின் குர்ஆனுக்கு வர வேண்டும் என்றார். பொருள் விளங்காத ஒன்றைப் பிள்ளை வெறுமனே உருவேற்றுவதை அவர் கண்டித்தார். இம்முறை நன்று என ஒப்பிய இப்னு கல்தூன், நடைமுறை இதற்கு இடங்கொடுக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்: பிள்ளை பெற்றோரின் கைக்குள் இருக்கும் இளவயதில் குர்ஆனைக் கற்றுவிட வேண்டும், வளர்ந்தபின் வாய்க்காமலே போகலாம் என்று மக்கள் அஞ்சுகின்றனர், அந்த அச்சம் நியாயமானதே. அன்று மக்ரிபில் இருந்த அதே அச்சம்தான் இன்று நம் பெற்றோரிடமும் உள்ளது.

அந்தலுஸ் அறிஞர் எழுப்பிய சிக்கலுக்குத் தமிழகம் தனக்கே உரிய விடையைக் கண்டிருந்தது. அதுவே அரபுத்தமிழ். குர்ஆனுக்காக எழுத்துக் கற்ற பிள்ளை, அதே எழுத்தைக் கொண்டு தன் தாய்மொழியில் மார்க்கச் சட்டத்தையும் படிக்க முடிந்தது. கற்ற எழுத்து அன்றே பயன் தந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816-1898) அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்கள் இதனாலேயே ஆண் பெண் வேறுபாடின்றி வீடுகளுக்குள் சென்றன. கடற்கரை ஊர்களில் நிலை இவ்வாறிருக்க, வட ஆர்க்காட்டு வட்டாரத்தில் மார்க்கக் கல்வி உருதுவின் வழியே தழைத்தது. ராதாகிருஷ்ணன் மாணவராக இருந்த அதே வேலூரில், அதே காலத்தில், ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி புகழோடு விளங்கிக்கொண்டிருந்தது. அங்கே தமிழ் மாணவர்கள் முதலில் உருதுவைக் கற்று, அதன் வழியே அரபியை அடைந்தனர். பெரியவர்களுக்கு அது இயன்றது, பேரறிஞர்களையும் தந்தது. ஆனால் திருத்தணி போன்ற எல்லை ஊர்களில் தெருவில் தமிழும் தெலுங்கும், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் கேட்டு வளரும் ஏழு வயதுப் பிள்ளைக்கு, மார்க்கப் பாடம் இன்னொரு மொழியில் வந்தால் அதன் ஆர்வம் எங்கே பற்றி நிற்கும்? அரபுத்தமிழ் வழக்கொழிந்தபோது ஓர் எழுத்துமுறை மட்டும் போகவில்லை. ஓதுதலுக்கும் விளங்குதலுக்கும் இடையே இருந்த பாலமும் போயிற்று.

அடியைப் பற்றி இன்னும் ஒன்று கூற வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பள்ளிகளில் உடல்தண்டனையையும் மனவேதனை தருவதையும் தடை செய்தது. 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது. நம் கல்விக்கூடங்களின் தன்னுரிமையைக் காக்கும் விதி என்று அதை வரவேற்றோம், சரியே. ஆனால் காலையில் அடியில்லாப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, மாலையில் பிரம்பு உள்ள மக்தபுக்கு வந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காதா? சட்டம் நமக்கு விலக்களித்திருக்கலாம். இப்னு ஸஹ்னூன் விலக்களிக்கவில்லை. பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கலாம் என்ற ஹதீஸைச் சிலர் இதற்கு ஆதாரம் காட்டுகின்றனர். அது தொழுகையைப் பற்றியது. ஏழு வயது முதல் மூன்றாண்டுகள் ஏவிய பின்னர் வருவது. ஃபுகஹாக்கள் அதற்கும் வரம்பு கட்டியுள்ளனர். தஜ்வீதில் ஓர் எழுத்துப் பிறழ்ந்ததற்கு ஆறு வயதுப் பிள்ளையை அடிப்பதற்கு அதிலிருந்து ஆதாரம் எடுக்க இடமில்லை என்பதே என் துணிபு.

பிள்ளையின் ஆர்வம் குன்றுவதற்குக் கற்பிக்கும் முறை மட்டுமே காரணம் அன்று, வறுமையும் காரணம். முன்னோர் இதையும் அறிந்திருந்தனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தந்தையை இழந்த பிள்ளை. ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயிடம் பொருள் இல்லை. ஆசிரியர் வெளியே செல்லும்போது மற்றப் பிள்ளைகளை மேற்பார்த்துக்கொள்வதையே அந்த ஆசிரியர் கட்டணமாக ஏற்றுக்கொண்டார் என வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். எண்ணிப் பார்த்தால், கட்டணம் தர இயலாத பிள்ளைக்கு இழிவுக்குப் பதிலாகப் பொறுப்பு கிடைத்தது. அபூயூசுஃப் (ரஹ்) வரலாறு இன்னும் தெளிவானது. குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டியவன் நீ, அபூஹனீஃபாவின் அவையில் அமர்ந்திருக்க உனக்கு வசதி ஏது என்று தந்தை தடுத்துவிட்டார். மாணவர் வரவில்லை என்பதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கவனித்தார். அழைத்துக் காரணம் கேட்டார். அவை கலைந்தபின் பிறர் அறியாமல் நூறு திர்ஹம் கொண்ட பையைக் கொடுத்து, தீர்ந்ததும் சொல் என்றார். அதன்பின் மாணவர் சொல்லாமலேயே பை வந்துகொண்டிருந்தது என்கின்றன நூல்கள். அந்த மாணவர்தாம் பின்னாளில் அப்பாஸியப் பேரரசின் தலைமைக் காழி ஆனார். வராத பிள்ளையைத் தேடுவது ஆசிரியர் கடமை என்பது இதில் அடங்கியிருக்கிறது. திருத்தணிச் சிறுவனைக் காத்த உதவித்தொகைகளும், காமராஜர் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் விரிவுபடுத்திய மதிய உணவும் அந்தப் பையின் வேறு வடிவங்களே.

இந்த மரபை நம் காலத்தில் பள்ளிக்கூடமாகவே ஆக்கிக் காட்டியவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் அவரும் உறுப்பினர். 1962இல் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானபோது துணைத் தலைவரானவரும், 1967இல் அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்தவரும் அவரே. ஆசிரியர்கள் இருவர் அடுத்தடுத்து நாட்டின் முதற்குடிமக்களாயினர். பெர்லினில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஜாகிர் ஹுசைன், 1926இல் டெல்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் பொறுப்பை ஏற்றார். அது பணமில்லாத நிறுவனம். மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறாமல் இருபதாண்டுகள் உழைப்பதாக ஆசிரியர்கள் உறுதிமொழி கொடுத்து நடத்தியது. அதன் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் தாமே சிறு கடை நடத்தினர்; தமக்கென வங்கி வைத்துக் கணக்கெழுதினர்; தோட்டமிட்டனர். கணக்கு அவர்களுக்குத் தேவையாயிற்று, ஆகவே கற்றனர். பல்கலைக்கழகத்தை நடத்திய அவர் பிள்ளைகளுக்குக் கதையும் எழுதினார். அடைபட்டு வாழ்வதைவிட ஓநாயோடு விடியும்வரை போராடத் துணிந்த ஓர் ஆட்டின் கதை உருது உலகில் இன்றும் புகழ்பெற்றது.

அந்தப் பள்ளியில் பணியாற்றியவர்களுள் கெர்டா ஃபிலிப்ஸ்பார்ன் என்னும் பெண்மணியைத் தமிழ் வாசகர் அதிகம் அறியார். பெர்லினைச் சேர்ந்த யூதப் பெண். அங்கே மாணவராயிருந்த ஜாகிர் ஹுசைனோடும் நண்பர்களோடும் பழகி, 1930களின் தொடக்கத்தில் ஜாமிஆவுக்கே வந்து சேர்ந்தார். விடுதிச் சிறுவர்களைக் கவனிப்பது, மழலையர் கல்வி, சிறுவர் இதழ் ஆகியவை அவர் கைக்கு வந்தன. பிள்ளைகள் அவரை ‘ஆபா ஜான்’, அதாவது அக்கா, என்றே அழைத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் என்பதால் ஆங்கிலேய அரசு அவரைக் காவலில் வைத்தது. விடுதலைக்குப் பின் மீண்டும் அந்தப் பிள்ளைகளிடமே வந்தார். 1943இல் நோயுற்று மறைந்த அவரை ஜாமிஆவின் மையவாடியிலேயே அடக்கம் செய்தனர். 1969இல் ஜாகிர் ஹுசைன் மறைந்தபோது அவருக்கும் அதே ஜாமிஆ வளாகத்திலேயே இடம் அமைந்தது.